இதற்குப் பின்னால் யாரும் இல்லை

லிஃப்டுக்குள் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் பார்ப்பார்கள். பொத்தான் பலகைக்கு மேலே சிவப்பாக எரிந்து மாறிக்கொண்டே போகும் மாடி எண்ணை. அந்த எண்ணுக்கு நேர் கீழே ஒரு முக்காலியில் லிஃப்ட்காரர் உட்கார்ந்திருப்பார். ஆக, அந்தக் கட்டடத்துக்கு வந்துபோகும் அத்தனை பேரும் தினமும் அவருடைய தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பார்த்துப் பழகியிருந்தார்கள். தெருவில் எதிரே வந்தால் பாதிப் பேருக்கு அவரை அடையாளம் தெரியாது. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்றுகூட யோசிக்க மாட்டார்கள். பார்த்திருந்தால்தானே.

அந்தக் கட்டடம் எழும்பும்போது செங்கல் சுமக்க வந்தவர் அவர். கட்டி முடித்ததும் லிஃப்ட் கம்பெனி ஆள் வந்து, பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுப் பொத்தான்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்தில் நின்றது இவர். அப்படியே உட்கார்ந்துவிட்டார். இப்போதெல்லாம் அந்த லிஃப்ட் தானாகவே ஓடும். சின்னக் குழந்தைகூட ஓட்டலாம். ஆனாலும் கட்டடத்துக்காரர்கள் அவரை அனுப்பவில்லை. பொத்தானைத் தாங்களே அழுத்த ஆரம்பித்தால் தங்களுக்குக் கீழே ஆளே இல்லாமல் போய்விடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஓடி வருகிற ஒருவரின் முகத்தில் கதவைச் சாத்த மாட்டார். உள்ளே இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், தொண்டையைச் செருமுவார்கள். இவர் காதில் போட்டுக்கொள்ளாமல் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க, இடம் இருக்கு" என்பார். இந்தப் பழக்கம்தான் அவரைப் பாலத்துக்குக் கொண்டுபோனது.

பாலத்தைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. காலண்டரில், பிஸ்கட் டப்பாவில், பாஸ்புத்தக அட்டையில் எங்கு பார்த்தாலும் அந்த இரும்பு வளைவுகள்தான். இவ்வளவு பேர்பெற்ற பாலத்தில் செய்ய முடியாத காரியம் ஒன்றே ஒன்று. நடப்பது. கட்டும்போது நடைபாதை வைக்கவில்லை. காலால் நடக்கிறவனுக்கு அக்கரையில் என்ன வேலை இருந்துவிடப் போகிறது என்று நினைத்திருக்கலாம். அதனால் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வண்டிகளை நிறுத்திவிட்டு, ஊரே திரண்டு பாலத்தின் மேல் நடந்து அக்கரைக்குப் போகும். பிறகு பஸ் ஏறித் திரும்பி வரும். இதற்கு ஒற்றுமை நடை என்று பெயர்.

ஒற்றுமை நடையில் முதலில் கெட்டது ஒற்றுமைதான். ஒரு வருஷம் பத்திரிகையில் வந்த படத்தில், மருந்துக்கடை முதலாளியின் கால் மற்றவர்களின் காலைவிட அரையடி முன்னால் விழுந்திருந்தது. அடுத்த நடை வரும்வரை அந்த அரையடியைப் பற்றியே கூட்டம் போட்டுப் பேசினார்கள். கடைசியில் நடைக்குழுத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். முன்வரிசையில் வருகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே வெள்ளைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கயிற்றைத் தாண்டி யாரும் கால் வைக்கக்கூடாது. கயிறு கையில் இருப்பவர் முன்வரிசை. இல்லாதவர் பொதுமக்கள்.

கயிறு நல்ல யோசனைதான். ஆனால் ஊரில் பெரியமனிதர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போனார்கள், பாலம் மட்டும் கட்டியபடியே இருந்தது. கயிற்றை நீட்டினார்கள். நீட்டியது இரண்டு ஓரத்திலும் பின்பக்கமாக வளைந்து லாடம் போல ஆகிவிட்டது. லாடத்தின் நுனியைப் பிடித்து நடப்பவருக்கு முன்னால் ஒரு கல்யாணக் கூட்டமே போய்க்கொண்டிருக்கும். இருந்தாலும் அவரும் முன்வரிசைதான். வீட்டுக்குப் போய் அப்படித்தான் சொல்வார், வீட்டிலும் நம்புவார்கள். நடைக்கு முந்திய வாரம் முழுக்கச் சாயங்கால வேளைகளில் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் கயிற்றுப் பயிற்சி நடக்கும். படித்த பெரியவர்கள் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கார்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போவதை லிஃப்ட்காரர் வாசலில் நின்று வாய் பார்ப்பார். அவருக்குச் சிரிப்பு வராது. ஆசைதான் வரும்.

ஏனென்றால் அவருடைய இடம் நடையின் மறுகோடியில். முதல் வருஷ நடையில், கூட்டம் போய்விட்டது என்று நினைத்துத் தடுப்பைத் தூக்கிவிட்டார்கள். நடக்க முடியாத இரண்டு வயதான அக்கா தங்கைகள் பாலத்தின் நடுவில் நின்றுவிட, முன்னும் பின்னும் லாரிகள். நல்லவேளை, தலை தப்பியது. அதற்குப் பிறகு நடையின் வாலில் ஒரு ஆளைப் போட்டார்கள். நீளக் கழியில் ஒரு தகரப் பலகை, அதில் சிவப்பு எழுத்தில் "இதற்குப் பின்னால் யாரும் இல்லை." இந்தப் பலகை பாலத்தை விட்டு இறங்கிய பிறகுதான் வண்டிகளை விட வேண்டும் என்பது சட்டம். யாரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது, தலைவருக்கு லிஃப்ட்காரர் ஞாபகம் வந்தது. கடைசி ஆள் வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்.

தலைவரின் அலுவலகம் அதே கட்டடத்தில் ஏழாவது மாடியில். கீழே, லிஃப்ட் கதவுக்கு எதிர்ச் சுவரில், ஒவ்வொரு வருஷ நடையின் படத்தையும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். நடை முடியும் இடத்தில் பத்திரிகைக் கேமராக்காரர் ஏணி மேல் நின்று எடுக்கும் படம். ஒவ்வொரு படத்திலும் கயிறு, கயிற்றைப் பிடித்த கைகள், கைகளுக்கு மேலே பல் தெரியும் முகங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அந்த முகங்கள் லிஃப்ட்காரரைப் பார்த்துச் சிரித்தன. ஒரு படத்திலும் அவர் இல்லை. படம் எடுக்கும் நேரத்தில் அவர் பாலத்தின் பாதியில், செருப்பு அறுந்த யாரோ ஒருவருக்காக நின்றுகொண்டிருப்பார்.

இது அவரை உறுத்திக்கொண்டிருந்தது என்று சொன்னால் மனைவி நம்ப மாட்டாள். ஆனால் இந்த வருஷம் மாட்டிவிட்டதே அவள்தான்.

அவர்களுடைய மகள் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வெளியூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. உடன் வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் சொன்னாள். பையனின் அம்மா போனில் பேசினார். தன் கணவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் ஊரில் எந்த விழா என்றாலும் மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு என்றார். மனைவி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தாங்க. பாலத்து நடைல அவர் முன்வரிசை."

அப்படியா, அதைப் பார்ப்பதற்காகவே இரண்டு பேரும் வருகிறோம், கல்யாணப் பேச்சையும் அன்றைக்கே பேசிவிடலாம் என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

ஏன் இப்படிச் சொன்னாய் என்று லிஃப்ட்காரர் மனைவியைக் கேட்டார். மகள் விடுமுறையில் வந்திருந்தாள். அவள் அப்பாவின் பக்கம்தான் பேசினாள். லிஃப்ட் ஓட்டுகிறார், பலகை பிடிக்கிறார் என்று உள்ளதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா திருப்பிக் கேட்டாள்.

"நீ உன் ஆபீஸ்ல என்ன சொல்லி வச்சிருக்க?"

அப்பா ஒரு பெரிய ஆபீஸில் இருக்கிறார் என்று மகள் சொல்லியிருந்தாள். லிஃப்ட் ஆபீஸுக்குள்தானே இருக்கிறது. பொய் இல்லை. பொய் இல்லாதபடி சொல்லத்தான் அவ்வளவு படிக்க வேண்டியிருந்ததோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம் வந்து, அடுப்படியில் இல்லாத வேலையைத் தேடிப் போய்விட்டாள்.

இனி ஒரே வழிதான். கயிற்றில் ஒரு கைப்பிடி இடம். அதற்குத் தலைவரைக் கேட்க வேண்டும். தலைவரைத் தனியாகப் பிடிக்க லிஃப்ட்காரருக்கு ஒரே இடம்தான் உண்டு, அது தரையிலிருந்து ஏழாவது மாடி வரை.

மறுநாள் காலையில் தலைவரும் குழுச் செயலாளரும் சேர்ந்து ஏறினார்கள். லிஃப்ட்காரருக்குக் காது உண்டு என்று அவர்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. அக்கரைக்காரர்களைப் பற்றிப் பேச்சு. அக்கரையிலும் ஒரு நடைக்குழு இருக்கிறது, பாலம் தங்களுடையது என்று அவர்களும் வேறொரு ஞாயிற்றுக்கிழமை நடப்பார்கள். போன வருஷம் நமக்கு ஒரு வாரம் முன்னால் நடந்து பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வருஷம் நாம் மூன்று வாரம் முன்னால் நடந்துவிட வேண்டும். நம் கரை போலீஸில் அனுமதி வாங்கியாகிவிட்டது. அந்தப் பக்கம் மூச்சு விடக்கூடாது. செயலாளர் ஐந்தாவது மாடியில் இறங்கிக்கொண்டார். கதவு மூடியது.

"சார், ஒரு விஷயம்."

"ம்" என்றார் தலைவர், எண்ணைப் பார்த்தபடி.

"இந்த வருஷம் கயித்துல ஒரு கை பிடிக்க இடம் கிடைக்குமா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான் சார்."

தலைவரின் பார்வை எண்ணிலிருந்து ஒரு சாண் கீழே இறங்கியது. அப்படி ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். பிறகு, மேடையில் பேசும் குரல் வந்தது.

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? நீங்க பின்னால இருக்கீங்கங்கற தைரியத்துலதான் நாங்க முன்னால நடக்கறோம்."

ஏழாவது மாடி வந்துவிட்டது. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பலகையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும். அதை அழுத்தியிருந்தால் நிதானமாகப் பேசியிருக்கலாமே என்ற யோசனை லிஃப்ட்காரருக்குக் காலியான லிஃப்டில் கீழே இறங்கும்போதுதான் வந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டார். ஆனாலும் அன்று முழுவதும் அந்தப் பொத்தானை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மனைவி கைவிடவில்லை. விருந்தாளிகளைக் கொஞ்சம் தாமதமாக அழைத்துப் போவோம், அதற்குள் முன்வரிசை புறப்பட்டுப் போயிருக்கும், அவ்வளவு கூட்டத்தில் யார் எங்கே நடந்தார்கள் என்று எவன் பார்க்கப் போகிறான் என்றாள். சாதாரண விருந்தாளி என்றால் சரி. வருகிறவர் வாழ்நாள் முழுவதும் கூட்டத்துக்குள் புகுந்து பார்ப்பதையே தொழிலாகச் செய்தவர் என்பதை அவள் மறந்துவிட்டாள்.

நடை நாளன்று அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார். ஒட்ட வெட்டிய மீசை, வெளுத்த சட்டை, தலையில் வெயிலுக்கு ஒரு மஞ்சள் தொப்பி. மனைவி காபி, பலகாரம் என்று எவ்வளவோ இழுத்துப் பார்த்தாள். பாலத்தடிக்கு வந்து சேர்ந்தபோது கயிறு அப்போதுதான் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். பரிசோதகர் உட்காரவில்லை. நேராகக் கயிற்றின் பக்கம் போய், ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பெண் வீட்டார் அனுப்பிய போட்டோவில் இருந்த முகம் அதில் இல்லை.

வேறொருவராக இருந்தால் பந்தலுக்குத் திரும்பி வந்து கேட்டிருப்பார். பரிசோதகர் கேட்கவில்லை. பஸ்ஸில் முன்வாசலில் ஏறிப் பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டே போவாரே, அதேபோல நடைக்குள் புகுந்து, முன்னாலிருந்து பின்னால் வரிசை வரிசையாகப் பார்க்கத் தொடங்கினார்.

நடையின் கடைசியில் லிஃப்ட்காரர் பலகையோடு போய்க்கொண்டிருந்தார். நல்ல உயரம் என்பதால் முன்னால் வெகுதூரம் தெரியும். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் போக, ஒரு மஞ்சள் தொப்பி மட்டும் எதிர்ப்பக்கமாக வந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். தொப்பி ஒரு வரிசையில் நிற்கும், இடமிருந்து வலமாகத் திரும்பும், அடுத்த வரிசைக்கு வரும். பார்த்ததும் புரிந்துவிட்டது. டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் நிற்கிறவனுக்கு என்ன செய்யத் தோன்றுமோ அதெல்லாம் அவருக்கும் தோன்றியது. குனியலாம் என்றால் பலகை காட்டிக்கொடுக்கும். இறங்கி ஓடலாம் என்றால் கீழே ஆறு. இதுநாள் வரை ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்த மனிதருக்கு, படக்கூடாத நேரத்தில் இப்படி ஒரு சோதனை.

தொப்பி நெருங்கி வந்தது. அந்த நேரத்தில் நடை நின்றது.

நடுப்பாலத்தில் நடந்தது இதுதான். இந்தக் கரைக்காரர்கள் யாருக்கும் தெரியாமல் மூன்று வாரம் முன்னால் நகர்ந்ததைப்போல, அக்கரைக்காரர்களும் யாருக்கும் தெரியாமல் நகர்ந்திருந்தார்கள். அவர்கள் கரை போலீஸில் அவர்களும் அனுமதி வாங்கியிருந்தார்கள். எதிரிலிருந்து ஒரு கயிறு வந்தது. அது மஞ்சள் கயிறு. அதையும் பல் தெரியும் முகங்கள் பிடித்திருந்தன. இரண்டு கயிறும் பத்தடி இடைவெளியில் நின்றன. கயிற்றைத் தூக்கினால் மற்றவர்கள் குனிந்து போய்விடலாம். ஆனால் யார் தூக்குவது, யார் குனிவது? இரண்டு தலைவர்களும் சிரித்த முகத்தோடு கைகூப்பி நின்றார்கள். கூப்பிய கை இறங்கவில்லை, காலும் நகரவில்லை. வெயில் ஏறியது. இரண்டு கரையிலும் நிறுத்தி வைத்த வண்டிகள் ஹாரன் அடித்துக் கத்தின. கடைசியில் போலீஸ் அதிகாரி வந்து, வந்த வழியே அவரவர் கரைக்குத் திரும்பிப் போங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்.

பொதுமக்களுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. திரும்பினார்கள், நடந்தார்கள். முன்வரிசைக்குத்தான் சிக்கல். திரும்பினால் முன்வரிசை கடைசி வரிசையாகிவிடும். அதோடு அக்கரைக்காரனுக்கு முதுகைக் காட்டியதாகவும் ஆகும். தலைவர் ஒரு நிமிடம் யோசித்தார்.

"யாரும் திரும்பாதீங்க. அப்படியே பின்னால நடங்க. நாம முன்னாலதான் போய்ட்டு இருக்கோம்."

மஞ்சள் கயிற்றுக்காரர்களுக்கும் அதே யோசனைதான் வந்தது. இரண்டு கயிறுகளும் ஒன்றையொன்று பார்த்து, கைகூப்பியபடி, பின்னோக்கி நடந்து பிரிந்தன. கேமராக்காரர் மட்டும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தின் ஓரமாக இந்தக் கரைக்கு ஓடினார். நடை இனி அங்கேதானே முடியும்.

இதெல்லாம் நடையின் வாலுக்குத் தெரியாது. லிஃப்ட்காரருக்குத் தெரிந்தது, முன்னால் இருந்த முதுகுகள் எல்லாம் திடீரென்று முகங்களாக மாறி அவரைப் பார்த்து வந்ததுதான். யாரோ "திரும்புங்க, திரும்புங்க" என்றார்கள். திரும்பினார். எதிரே ஆள் இல்லாத பாலம். இவ்வளவு வருஷமாக அவர் பார்க்காத ஒன்று. அவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

"அட" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. மஞ்சள் தொப்பி. "இங்க இருக்கீங்களா? நான் அந்தப் பக்கத்தை முன்னாலன்னு நினைச்சுத் தேடிட்டு இருந்தேன்."

"வாங்க, சம்பந்தி" என்றார் லிஃப்ட்காரர்.

பரிசோதகர் பின்னால் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார், முன்னால் திரும்பிக் காலியான பாலத்தைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கழிக்குக் கீழே நடக்கிறவருக்குத் தெரியவில்லை. பின்னால் ஊரே வந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரரின் முதுகு தானாக நிமிர்ந்தது. கால் கொஞ்சம் பெரியமனிதத்தனமாக விழ ஆரம்பித்தது. கயிற்றுப் பயிற்சியில் பார்த்த நடை அது, எப்படியோ உடம்பில் ஏறியிருந்தது. தூரத்தில் பந்தல் தெரிந்தது. பந்தலில் எழுந்து நிற்கிற மனைவி. கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிற மகள். தடுப்புக்குப் பக்கத்தில் ஏணியை விரித்துக்கொண்டிருந்த கேமராக்காரர். இன்னும் கொஞ்ச தூரம்தான். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் சுவரில் தெரியப்போகும் முகம் தன்னுடையது.

தடுப்பருகே போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கரையிலிருந்து வரும் பஸ்களுக்காக அவர் வருஷா வருஷம் இந்த முனையில்தான் இருப்பார். பலகையைப் படிக்க வேண்டிய தேவை அவருக்கு எப்போதோ போய்விட்டது. திரும்பி வரும் கடைசி பஸ்ஸில் லிஃப்ட்காரரின் தலை தெரிந்தால் நடை முடிந்தது என்று அர்த்தம். நடுப்பாலத்தில் நடந்த கூத்து எதுவும் அவர் காதுக்கு வரவில்லை. தூரத்தில் அந்த உயரமான தலையைக் கண்டதும் எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், தடுப்பின் அருகே போய் அதன்மேல் கையை வைத்தார். அவருக்குப் பின்னால் லாரிகள் ஒவ்வொன்றாக என்ஜினை முடுக்கின.

லிஃப்ட்காரர் கையை ஆட்டினார், வேண்டாம் என்று. போலீஸ்காரரும் பதிலுக்குக் கையை ஆட்டினார், ஆகட்டும் என்று. ஹாரன் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. பலகையைத் தாழ்த்திக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருந்தது பலகையை அல்ல. ஊரிலேயே ஒரே ஒருவருக்கு இவருடைய முகம் தெரியும், அது இந்த நேரத்தில் இப்படி வந்து நிற்கிறது.

நடந்துகொண்டே இருந்தால் படம் வரும். பின்னால் ஊர் இருக்கிறது. அதற்கும் பின்னால், தங்களுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க முடியாமல், ஒரு கூட்டம் பின்னோக்கி நடந்து வந்துகொண்டிருக்கிறது.

நின்றார்.

"என்ன ஆச்சு?" என்றார் பரிசோதகர்.

"நான் திரும்பிப் போகணும். இந்தப் பலகை முன்னால போகக்கூடாது." அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "சம்பந்தி, நான் முன்வரிசை இல்ல. எப்பவும் கடைசி ஆள்தான். வேலையும் லிஃப்ட் ஓட்டறதுதான். வீட்ல ஏதோ ஆசையில சொல்லிட்டா."

பரிசோதகர் தொப்பியைக் கழற்றினார். நிமிர்ந்து, முதன்முறையாகப் பலகையைப் படித்தார். பிறகு, கையும் களவுமாகப் பிடிபட்டவரைப் பார்ப்பதுபோல அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல எத்தனையோ பேரைப் பிடிச்சிருக்கேன்" என்றார். "நான் கேக்கறதுக்கு முன்னால ஒத்துக்கிட்ட ஆள் ஒருத்தன்கூட இல்ல."

"தப்புதான்."

"போலாம் வாங்க. கடைசிப் பயணி இறங்காம வண்டியை எடுக்கக்கூடாது. அது எனக்கும் தெரியும்."

இரண்டு பேரும் திரும்பினார்கள். போலீஸ்காரர் குழம்பிப்போய்த் தடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். லாரிகள் திட்டின. மனைவி பந்தலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையாக வந்த கணவர் கண்ணெதிரே கூட்டத்துக்குள் மறைந்து போவதைப் பார்த்து, "இவருக்கு என்ன கேடு" என்று அவள் முணுமுணுத்தது பக்கத்தில் இருந்த பையனின் அம்மாவுக்கும் கேட்டது.

கூட்டத்தை எதிர்த்துப் போவது எளிதாக இல்லை. இடித்தார்கள், வழிவிட்டார்கள், பலகையைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். பரிசோதகர் முன்னால் போய், "கொஞ்சம் உள்ள போங்க, உள்ள போங்க" என்று பழைய குரலில் வழி செய்தார். கூட்டம் முடிந்து, லாடக் கயிறு வந்தது. அதன் ஓரமாக நுழைந்து கடந்து இருவரும் கடைசியில் போய் நின்றார்கள். இப்போது கயிற்றைப் பிடித்த அத்தனை பெரியமனிதர்களும் லிஃப்ட்காரரின் முகத்துக்கு நேராக இருந்தார்கள். வேறு பக்கம் பார்க்க வழியில்லை. ஆனாலும் பழக்கதோஷம், எல்லோரும் அவருடைய தலைக்கு மேலே, பலகையைத்தான் பார்த்தார்கள்.

"பின்னால என்ன வருது?" என்று தலைவர் கேட்டார். வியர்த்து வழிந்தது. மருந்துக்கடை முதலாளி ஏற்கெனவே ஒருமுறை தடுக்கி விழுந்திருந்தார்.

"இரும்புப் பட்டை வருது சார். காலைத் தூக்கி வைங்க. ஆங். எல்லாரும் வந்தாச்சா? இனிமே சமம்தான். வாங்க, மெதுவா."

தெரிந்த குரல். எங்கே கேட்டது என்று அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் கால்கள் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டன. பாலத்தின் கடைசிவரை அவர் சொல்லச் சொல்ல, ஊரின் முன்வரிசை ஒவ்வொரு அடியாகப் பின்னால் எடுத்து வைத்தது. தடுப்பைத் தாண்டும் இடத்தில் ஏணி மேல் கேமரா மின்னியது. பலகை இறங்கியதும் போலீஸ்காரர் நிம்மதியாக எழுந்து தடுப்பைத் தூக்கினார்.

வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். மனைவி தலை குனிந்தே பரிமாறினாள். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு, "எங்க அப்பா லிஃப்ட் ஓட்டறாரு" என்றாள், யாரும் கேட்காமலே. அவள் காதோடு சொன்னதில் பையனுக்கு அது முன்பே தெரியும், பையனின் அப்பாவுக்கும் இப்போது தெரியும். ஆனால் அவள் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பையனின் அம்மா கணவரின் பக்கம் திரும்பி, முன்வரிசை என்று சொன்னார்களே, என்ன ஆயிற்று என்று மெல்லக் கேட்டார்.

"முன்னால இருந்து பின்னால வரைக்கும் நானே செக் பண்ணிட்டேன்" என்றார் பரிசோதகர், சோற்றைப் பிசைந்தபடி. "எல்லாம் சரியா இருக்கு. நீ தேதியைப் பேசு."

அந்த வருஷப் படத்தை மாட்டுவதா வேண்டாமா என்று நடைக்குழு இரண்டு கூட்டம் போட்டது. பின்னால் நடந்து வந்தவர்களைக் கரையில் நின்று எடுத்த படத்தில் வேறென்ன இருக்கும். முதுகுகள். வழுக்கை, சுருட்டை முடி, சட்டைக் காலர், வியர்வை. கயிறு தெரிந்தது, கை தெரிந்தது, ஒரு முகமும் தெரியவில்லை. முதுகுகளுக்கு அப்பால், சிவப்பு எழுத்துப் பலகைக்குக் கீழே, இரண்டே இரண்டு முகங்கள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தன. மாட்டாமல் விட்டால், ஏன் விட்டீர்கள் என்று அக்கரைக்காரன் கேட்பான் என்று யாரோ சொன்னதால் மாட்டினார்கள்.

இப்போது லிஃப்டுக்காகக் காத்திருப்பவர்கள் அந்தப் படத்தின் முன் நின்று, தங்கள் முதுகு எது என்று தேடுகிறார்கள். நன்றாக வாரிய ஒரு தலையை மூன்று பேர் ஆளாளுக்குத் தன்னுடையது என்கிறார்கள். அதில் சண்டையும் வந்திருக்கிறது. ஒரு நாள் தலைவர் வெகுநேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். கதவு மூடியது. அவர் எண்ணைப் பார்க்கவில்லை. முக்காலியைப் பார்த்தார்.

"பலகையோட இருக்கறது நீங்கதானே?"

"ஆமா சார்."

"பக்கத்துல யாரு?"

"எங்க சம்பந்தி" என்றார் லிஃப்ட்காரர். அப்போது வெளியே யாரோ ஓடி வரும் காலடிச் சத்தம் கேட்டது. மூடிய கதவைத் திறந்து, கையால் பிடித்துக்கொண்டார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"வாங்க, வாங்க" என்றார் லிஃப்ட்காரர் வெளியே பார்த்து. "இடம் இருக்கு."